கூரை வரை எழுந்த சுவர்

போன வாரம் தேநீர் குடிக்கும்போது இளம் பயிற்றுநர்களான உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: பயிற்சிக்கு வந்த கொத்தனார் நாம் கொடுத்த கட்டடப் படத்தை மீறி வேலை செய்துவிட்டால் என்ன செய்வது? நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் இன்று எரிசக்திச் சிக்கன வீடு என்கிறீர்கள். எண்பதுகளில் எங்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. ‘காற்று வீடு’ என்றுதான் சொல்வோம். அப்போது பல ரப்பர் தோட்டங்களில் இஞ்சின் கரண்ட் மட்டும்தான். சாயங்காலம் இஞ்சினை ஓட விட்டால் விளக்கு எரியும். பகலில் மின்விசிறி இருந்தாலும் அது சுவரில் மாட்டிய படம் மாதிரிதான். வரிசை வீடுகளான பழைய பலகை லயங்களை இடித்துவிட்டுச் செங்கல் வீடு கட்டித்தர நிர்வாகங்கள் முன்வந்த காலம் அது. செங்கல் சுவரும் தாழ்ந்த தகரக் கூரையுமாக முதலில் சில இடங்களில் கட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தன. மத்தியானத்தில் உள்ளே உட்கார முடியவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ரப்பர் மரத்தடியில் பாய் விரித்தார்கள் ஜனங்கள்.

விசிறியே இல்லாமல் குளிர்ச்சியாக இருக்கும் வீட்டை எப்படிக் கட்டுவது என்று தோட்டத்துக் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. சிரம்பான் லோபாக்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் புக்கிட் பெலண்டோக் பக்கம் உள்ள தோட்டங்களுக்குப் போய்ச் சேரும்போது முகத்தில் செம்மண் ஒரு பூச்சு பூசியிருக்கும். பொம்பளை வந்து வீடு கட்டச் சொல்லித்தருகிறாள் என்பதை ஆரம்பத்தில் அவர்களால் நம்ப முடியவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதே பெரிய பிரச்சினையாக இருந்தது. கடைசியில் ‘டீச்சர்’ என்று முடிவு செய்தார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒரு தோட்டத்தில் மாதிரிக்காக ஒரே வரிசையாக ஆறு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தோம். படம் கோலாலம்பூரிலிருந்து வந்தது. நல்ல படம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஓர் அடி இடைவெளி விட்டு நின்றுவிடும். ஒரு கோடியில் நுழைகிற காற்று எல்லா வீடுகளின் தலைக்கு மேலாகவும் ஓடி மறுகோடியில் வெளியேறும். கணக்குப்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அந்த அணியின் தலைக் கொத்தனார் மணியம். அதே தோட்டத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். சுவரில் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் நூல் நகராது, அப்படி ஒரு கை. அவர் மனைவி புஷ்பம் காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானத்துக்கு மேல் எங்களுக்கு மணல் சுமக்க வருவார். ஆறு வீட்டில் ஒன்று அவர்களுக்கு என்று ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. கூரை வேலை ஆறுமுகம் என்ற தச்சருடையது. அவர் வாய் ஓயாது. மணியம் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஒரு வாரம் நான் சிரம்பானில் கூட்டம் இருக்கிறதென்று இரண்டு நாள் போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி வாக்கில் வந்து மோட்டாரை நிறுத்தினேன். ஆட்கள் யாரும் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. எல்லாரும் வேலையில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்தார்கள். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுச்சுவர்களின் மேல் விட்டிருந்த இடைவெளியெல்லாம் செங்கல் வைத்து அடைத்திருந்தது. ஒரு வீட்டில் அல்ல, ஆறு வீட்டிலும். ஏணி போட்டு ஏறிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கலவை அமுங்கியது. நேற்றுச் சாயங்காலம் வைத்த கல்.

தோட்ட மேனேஜர் எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டிருந்தார். ஈப்போக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று கழுத்து நரம்பு தெரிந்தது. திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இஞ்சினியரும் இன்னும் இரண்டு பேரும் வருவதாக இருந்தது. அவர்கள் இந்த வரிசையைப் பார்த்துச் சரி என்று சொன்னால் தோட்டம் முழுக்க இதே மாதிரி கட்டுவார்கள். இல்லையென்றால் பழைய தகரக் கூரை வீடுதான்.

“டீச்சர், இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள ஒடச்சிருங்க,” என்றார். “கலவ எறுகிருச்சின்னா அப்புறம் சுவரே ஆடிப்போவும். அந்த ஆளயும் கோர்ஸுலேர்ந்து நிப்பாட்டிருங்க. படம் ஒன்னு வீடு ஒன்னா இருந்தா ஹெட் ஆபீஸ்ல என்னத்தான் கேப்பாங்க.”

மணியத்தைக் கூப்பிட்டேன். கரண்டியைக் கழுவிவிட்டு வந்து நின்றார்.

“நீங்கதான் அடைச்சீங்களா?”

“ஆமா டீச்சர்.”

“எதுக்கு?”

அவர் தரையைப் பார்த்தார். “ஒடைக்கச் சொன்னா ஒடச்சிர்றேன். காரணம் கேக்காதீங்க டீச்சர்.”

ஆறுமுகத்தைப் பார்த்தேன். எப்போதும் பேசுகிறவர் அன்று ஆணியை எண்ணிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இது ஒருவர் செய்த வேலை இல்லை. எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

சுத்தியலை எடுங்கள் என்று சொல்லியிருந்தால் அன்று ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்திருக்கும். படமும் வீடும் ஒன்றாகியிருக்கும். மேனேஜர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். என்னைத் தடுத்தது மணியத்தின் வேலைதான். கோபத்திலோ சோம்பலிலோ மீறுகிறவன் கல்லை அப்படி வைக்க மாட்டான். யார் கண்ணுக்கும் படாத கூரைச் சட்டத்தடியில், ஒவ்வொரு இணைப்பையும் வழித்துச் சுத்தம் செய்து, வாசல் சுவரைவிட அழகாகக் கட்டியிருந்தார். ஆசையாகச் செய்த வேலை அது. அந்த ஆசை என்ன என்று தெரியாமல் உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மணல் கூடையை இறக்கிவிட்டு புஷ்பம் என் பக்கத்தில் வந்து நின்றார். “டீச்சர், ஒரு அஞ்சு நிமிசம் எங்க வீட்டுக்கு வாங்களேன்.”

அவர்கள் குடியிருந்த பழைய லயம் நாங்கள் கட்டுகிற இடத்துக்குப் பின்னால்தான். அதன் வாசலில் எத்தனையோ தடவை நின்று பேசியிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்ததில்லை. ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பலகைச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் சிறிது எழுந்து நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் வெறும் இடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கூரை.

புஷ்பம் குரலை உயர்த்தவே இல்லை. என்னிடம் பேசுவதைப் போலவே, “பாக்கியம், உப்பு இருக்கா?” என்றார்.

“இருக்குக்கா,” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “டீச்சரா வந்துருக்காங்க?”

அதற்கும் அப்பால் மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு கிழவர் இருமிவிட்டு, “டீச்சருக்குக் காப்பி கலக்கச் சொல்லு புள்ள,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புஷ்பமும் சிரித்தார். பிறகு கண்ணைக் காட்டி என்னை வெளியே அழைத்துக்கொண்டு போனார். ரப்பர் மர நிரைக்குள் கொஞ்ச தூரம் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“இதான் டீச்சர் நாங்க பேசற எடம். சண்ட போடணும்னாலும் இங்கதான் வருவோம். வந்து சேர்றதுக்குள்ள கோவம் பாதி போயிரும்லா. கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல நான் அவர ஒரு தடவகூட முழுசா திட்டுனதில்ல.” ஒரு மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். “மொதப் புள்ள தங்கல டீச்சர். அன்னிக்கி நான் துணிய வாய்ல வச்சிக்கிட்டு அழுதேன். அவரு என் தலையத் தடவிக்கிட்டே இருந்தாரு, ஒரு வார்த்த பேச முடியல. பேசுனா எல்லாருக்கும் கேக்கும். மறுநா பைப்படியில தண்ணி புடிக்கப் போனா, எப்ப அழுதேன், எப்ப நிறுத்துனேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பாவம், நல்ல சனங்கதான். எனக்குத்தான் அவங்க மூஞ்சப் பாக்க முடியல.”



“புது வீடுன்னு சொன்னப்ப அவரு எங்கிட்ட ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. சுவரு கூரையத் தொடும் புஷ்பம்னு சொன்னாரு. அப்புறம் ஒங்க படத்தக் கொண்டாந்து காட்டுறாரு, தொடல.”

கட்டட இடத்துக்குத் திரும்பி நடந்தேன். காற்று வீடு காற்று வீடு என்று மாதக்கணக்கில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்டு ஓட நினைத்த லயத்தையே அந்த அம்புக்குறிகள் செங்கல்லில் திரும்பக் கட்டுகின்றன என்பதை எப்படி என்னிடம் சொல்வார்கள்? மனைவி துணியைக் கடித்து அழுததை ஒரு கொத்தனார் வகுப்பில் எழுந்து நின்று சொல்வாரா?

மேனேஜரிடம் போனேன். உடைக்க மாட்டோம் என்றேன். காரணத்தை முழுக்கச் சொல்லவில்லை. அது என்னுடைய கதை இல்லை. “இது அவங்க வாழப்போற வீடு சார். சத்தம் போற வீட்டுல அவங்க இருக்க மாட்டாங்க. சாக்கக் கட்டியாவது அந்த எடத்த அடைச்சிருவாங்க. இன்னிக்கி நாம ஒடைக்கலாம், அப்புறம் யாரு காவல் இருக்கறது?”

“அப்ப சூடு?”

“ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க. ஒரு வீட்டயாவது சரி பண்ணிக் காட்டுறோம்.”

“முடியலன்னா?”

“படத்த மாத்துனது நான்னு சொல்லிருங்க.”

“ஒங்க கவர்மெண்டு வேல மாதிரி தோட்டத்து வேல கெடயாது டீச்சர். திங்கக்கெழம சரியா வரலன்னா மணியத்துக்கு இங்க கட்டட வேல இல்ல. அத நீங்களே அவருகிட்ட சொல்லிருங்க,” என்றார்.

சொன்னேன். மணியம் கேட்டுக்கொண்டார். “ஒடைக்கலல்லா,” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் அந்த வரிசையின் முன்னால் குந்தி உட்கார்ந்தோம். பிரச்சினையைத் தரையில் குச்சியால் வரைந்தேன். பக்கவாட்டில் ஓடிய காற்றுக்கு வழி அடைபட்டுவிட்டது. இனி ஒவ்வொரு வீடும் தனித்தனியாக மூச்சு விட வேண்டும்.

“சூடும் வேணாம், சத்தமும் வேணாம்னா மரத்து மேலதான் வீடு கட்டணும்,” என்றார் ஆறுமுகம். ஆனால் சொல்லிக்கொண்டே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஓடு போடவில்லை. சட்டம் மட்டும்தான் நின்றது. “பின்கூரைய எறக்கிட்டு முன்கூரைய அதுக்கு மேல கொஞ்சம் நீட்டுனா, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து கெடைக்கும். மழ உள்ள வராது. சூடு மேலால போயிரும்.” பிறகு முகம் சுருங்கியது. “நான் அடிச்ச சட்டத்த நானே பிரிக்கணும்.”

“பிரிச்சிக் குடுலா,” என்றார் மணியம். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஆறுமுகத்திடம் பேசிய வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மணியத்துக்கு ஒதுக்கிய வீட்டையே எடுத்துக்கொண்டோம். சனிக்கிழமை முழுக்க ஆறுமுகம் தன் வேலையைத் தானே பிரித்தார், ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கும்போது ஒரு வசை. மணியம் முன்வாசலுக்கு மேலே சுவரை அகற்றிக் காற்றுப் போகும் துளைக் கல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஓய்வுநாள். லயத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்து, நின்று பார்ப்பதற்குக் கூச்சப்பட்டு, ஓடு கைமாற்றத் தொடங்கினார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அந்த வீட்டுக்கும், ஒப்பிட்டுக் காட்டச் சட்டம் பிரிக்காமல் விட்ட பக்கத்து வீட்டுக்கும் கூரை ஏறிவிட்டது.

காற்று கண்ணுக்குத் தெரியாதே. புஷ்பத்திடம் சாம்பிராணி போடச் சொன்னேன். தூபக்காலை நடு வீட்டில் வைத்தார். புகை நேராக எழுந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கூரைச் சந்து வரை போய், தயங்கி, மெல்ல மடிந்து எங்கள் தலைமேல் இறங்கியது. ஆறுமுகத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. யாரோ இருமினார்கள். வீடு சூடாக இருந்தது.

மணியம் சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். புஷ்பத்துக்குப் புகை தாங்கவில்லை. பின்கதவைத் தள்ளித் திறந்தார்.

புகை அசைந்தது. யாரோ மேலிருந்து நூல் பிடித்து இழுத்ததைப் போல நிமிர்ந்து, கூரைச் சந்துக்குள் புகுந்து போய்விட்டது. சூடு வெளியே போக வழி வைத்த நாங்கள் குளிர்ந்த காற்று கீழாக உள்ளே வர வழி வைக்கவில்லை. பிற்பகல் முடிவதற்குள் பின்சுவரின் அடிப்பகுதியில் துளைக் கல் இரண்டு வரிசை ஏறியது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் சாம்பிராணி போட்டோம். புகை நிற்கவில்லை. ஆறுமுகம் என்னிடம் வந்து, “நான் அப்பவே நெனச்சேன் டீச்சர்,” என்றார். நினைத்திருக்கவே மாட்டார். இருந்தாலும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். இஞ்சினியர் மலாய்க்காரர், அமைதியானவர். படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சரிசெய்த வீட்டில் நின்றார், சரிசெய்யாத வீட்டில் நின்றார். சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெப்பத்தைப் பற்றி அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் நடுச்சுவரை ஏன் மேலே வரை எழுப்ப வேண்டும், இத்தனை கல் எதற்கு என்று கேட்டார். சத்தம் என்றேன். அவர் புரியாமல் பார்த்தார்.

“நீங்க பக்கத்து வீட்டுல போயி நில்லுங்க,” என்றேன் மலாயில். மேனேஜரும் அவரோடு போனார். புஷ்பத்திடம், “உள்ள போயி சத்தமா ஏதாச்சும் பேசுங்க. மணியமும் கூட இருக்கட்டும்,” என்றேன்.

“என்னத்த பேச?”

“எத வேணும்னாலும்.”

கதவு மூடியது. பிறகு ஒரு தொண்டைச் செருமல். “என்னாங்க,” என்று ஆரம்பித்தார் புஷ்பம். “போன தீவாளிக்கு ஒங்க தங்கச்சி வந்தப்ப நீங்க என்னா சொன்னீங்க?”

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தங்கச்சியில் தொடங்கி, மாமியார், கல்யாணத்துக்கு வாங்கிய சேலையின் நிறம், சைக்கிளை விற்றது என்று வருஷம் வருஷமாகப் போனது. மணியத்தின் குரல் இடையில் ஒரு தடவை கேட்டது. “அது அப்படி இல்ல புஷ்பம்.” “எப்படி இல்ல?” அதோடு அவர் சரி.

வாசலில் நின்ற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. ஆறுமுகம் என் காதருகே குனிந்து, “முன்னால வச்சமே துளைக் கல்லு, அது வழியா ரோட்டுக்கே கேக்குது டீச்சர்,” என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து இஞ்சினியரும் மேனேஜரும் வெளியே வந்தார்கள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எப்ப ஆரம்பிக்கப் போறாங்க?” என்றார்.

அப்போதுதான் அவர் காதுக்கு அந்தக் குரல் வந்து சேர்ந்தது. மேனேஜர் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்த்தார், புஷ்பத்தின் வீட்டைப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மனைவி கணவனைத் திட்டுவதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. படத்தை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் துளைக் கல்லுக்கு உள்பக்கம் ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள், காற்று வளைந்து வரும், பேச்சு கொஞ்சம் மட்டுப்படும் என்றார். அதுதான் அவருடைய ஒப்புதல்.

வெளியே வந்த புஷ்பத்தின் முகம் கழுவி விட்டதைப் போலிருந்தது. “கேட்டுச்சா டீச்சர்?”

“பக்கத்து வீட்டுக்குக் கேக்கல,” என்றேன். அது பொய் இல்லை.

மற்ற ஐந்து கூரைகளையும் ஆறுமுகம் பிரித்து இதே மாதிரி போட்டார். பயிற்சி நீண்டுபோனது. முன்அனுமதி இல்லாமல் படத்தை மாற்றியதற்கு என் அலுவலகத்திலிருந்து காட்டமாக ஒரு கடிதம் வந்தது. மணியம் அதற்கடுத்த வரிசைகளையும் கட்டினார். பிறகு பக்கத்துத் தோட்டங்களுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். நானும் பாடத்தை மாற்றிக்கொண்டேன். புதிய தோட்டத்துக்குப் போனால் முதல் நாள் கரும்பலகையைத் தொடுவதில்லை. லயத்துக்குப் போய்ப் பெண்களிடம், இப்போது இருக்கிற வீட்டில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பேன். வெயில் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அது எனக்காகச் சொல்கிற பதில். அதற்குப் பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

படத்தை மீறுகிறவரைப் பற்றிக் கேட்டீர்கள். மீறுகிறவர்களில் சோம்பேறிகளும் உண்டு, திருடர்களும் உண்டு. எல்லாரையும் மணியம் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் அவர் வைத்த கல்லைப் பாருங்கள். வேலை சுத்தமாக இருந்தால், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவர் வீட்டைப் போய்ப் பாருங்கள்.

சில வருஷம் கழித்து அந்த வழியாகப் போகும்போது, மணியம் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினேன். பங்குனி வெயில், உச்சிப் பொழுது. சாலையில் தார் இளகிச் சக்கரத்தில் ஒட்டியது. மோட்டார் சத்தம் கேட்டு புஷ்பம் வாசலுக்கு வந்து கதவைப் பாதி திறந்தபடி நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் கதவை முழுக்கத் திறக்கவில்லை. தோளுக்குப் பின்னால் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் பாய்கூட இல்லாமல் மணியம் கைகளை விரித்து மல்லாந்து கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. சட்டையில் வேர்வை இல்லை.

“அசந்து தூங்குறாரு டீச்சர்,” என்றார் புஷ்பம். “கோவிச்சிக்காதீங்க. நாளைக்கி வாங்களேன்.”

திறந்திருந்த அந்தப் பாதிக் கதவு வழியாகக் குளிர்ந்த காற்று வந்து என் காலில் பட்டது. சரி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மோட்டாரைக் கிளப்பாமல் சாலை வரை தள்ளிக்கொண்டே போனேன்.